அடகுக்கடைக்கு ஆலோசனைச் சபையா? நல்லா வையி தம்பி!

அடகுக்கடைகளையும் பழைய சாமான் யாவாரிகளையும் கண்காணிக்க அரசாங்கம் ஒரு ஆலோசனைச் சபை வைக்கணும்னு மனு எழுதியிருக்கியாமே தம்பி? நல்ல காரியம். நம்ம நாவலப்பிட்டியில மழைக்கு அடுத்தபடியாத் தட்டுப்பாடில்லாமக் கிடைக்கிறது ஆலோசனைதான். அதுக்கும் ஒரு சபை வச்சு, தலைவர், செயலாளர் போட்டு, மாசம் ஒரு தரம் ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் குடுத்தா யாருக்குக் கசக்கும்?

நீ பேராதனையில படிச்சவன். நான் பிரதேச செயலகத்துக்குப் போற சனத்துக்கு மனு எழுதிக் குடுத்துக் காலம் தள்ளினவன். உனக்குச் சட்டம் தெரியும். எனக்குச் சட்டத்துக்கிட்டப் போயிட்டுத் திரும்பி வர்ற சனத்தோட மூஞ்சி தெரியும். ரெண்டும் ஒண்ணில்லை. அதனால பெரியவன் சொல்றதைக் காதுல போட்டுக்க. போட்டுக்கிட்டு உன் இஷ்டப்படியே செய்யி, எப்படியும் அதைத்தான் செய்வே.

சபை வருமான்னு கவலைப்படாத. இந்த நாட்டுல எது வராட்டியும் சபை வரும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழு இருக்கு, பாராளுமன்றத்துல அமைச்சுசார் ஆலோசனைக் குழு இருக்கு, அதுக்கு மேல துறைசார் மேற்பார்வைக் குழு இருக்கு. மேற்பார்க்க ஆள் குறைவில்லை. கீழ பார்க்கத்தான் ஆளைக் காணோம்.

உன் சபையில யார் யார் உக்காருவாங்கன்னு நான் இப்பவே சொல்லிடறேன், எழுதிக்க. தலைவர் நாற்காலியில பிரதேச செயலாளர். பக்கத்துல பொலிஸ் பொறுப்பதிகாரி. வங்கி முகாமையாளர் ஒருத்தர், நகை அடகும் பிடிக்கிற நிதிக் கம்பெனிக்காரர் ஒருத்தர். நகைக்கடை முதலாளிமார் சார்புல ஒருத்தர். பழைய இரும்பு யாவாரி ஒருத்தர். நாலு மதத்துக்கும் நாலு பேர். அமைச்சரோட இணைப்பாளர் ஒருத்தர், அவர் கூட்டம் முடியப்போற நேரத்துக்கு வந்து "நான் சொல்றது என்னன்னா"ன்னு ஆரம்பிப்பாரு. பெண் பிரதிநிதி வேணும்னு சுற்றறிக்கை சொல்லும். முகாமையாளர் ஒரு அம்மாவா இருந்துட்டா அந்தக் கணக்கும் சரியாப்போகும். தோட்டத்துப் பக்கமும் ஒரு ஆள் வேணும்னு யாராவது ஞாபகப்படுத்தினா, சங்கத்துத் தலைவர் ஒருத்தரைப் போடுவாங்க. அவர் கழுத்துல கிடக்கிற சங்கிலி அடகுக்கடை வாசலை மிதிச்ச சங்கிலி இல்லை.

இத்தனை பேர்ல அடகுத் துண்டு வச்சிருக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. இருந்தாலும் வெளிய சொல்லமாட்டாரு. அடகு பிடிக்கிறவங்க எல்லாரும் கூடி, அடகு வைக்கிறவ கஷ்டத்துக்கு உருகுவாங்க. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான், அதுக்கு ஒரு கூட்ட அறிக்கையும் சேர்ந்துக்கும்.

சரி, இதுக்கெல்லாம் சட்டமே இல்லைன்னு மனுவுல எழுதியிருக்கியா? எழுதியிருந்தா அடிச்சுடு. வட்டிக்குக் காசு குடுக்கிறவங்களுக்கு 1918-லயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துட்டு. அடகு பிடிப்போர் கட்டளைச் சட்டம் 1942-ன் 13 ஆம் இலக்கம். அந்த வருசம் ஏப்ரல் மாசம்தான் ஜப்பான்காரன் கொழும்புலயும் திருகோணமலையிலயும் குண்டு போட்டான். குண்டு விழுற நேரத்துலயும் அடகுக்கடைக்குச் சட்டம் எழுத ஒரு ஆள் மேசையில உக்காந்திருக்கான் பாரு, அவன் அனுபவசாலி. உலகமே முழுகினாலும் சனம் அடகு வைக்கும்னு தெரிஞ்சு வச்சிருந்திருக்கான். அனுமதிப்பத்திரம் எடுக்கணும், பதிவுப் புத்தகம் வைக்கணும், வச்சவளுக்குத் துண்டு குடுக்கணும். எல்லாம் அதுலயே இருக்கு.

அந்தக் காலத்துல அனுமதிக்கு அரசாங்க அதிபரைப் பார்க்கக் கச்சேரிக்குப் போகணும். 1992-ன் 58 ஆம் இலக்கச் சட்டத்தால அந்த அதிகாரமெல்லாம் பிரதேச செயலாளர்மாருக்கு இறங்கி வந்துச்சு. நமக்கு அது பஸ்பாகே கோறளை பிரதேச செயலகம். ஆனா அதே தெருவுல வங்கி அடகு பிடிச்சா, அது மத்திய வங்கி பார்வை. நிதிக் கம்பெனி பிடிச்சாலும் மத்திய வங்கி. அதுக்கு 2011-ன் 42 ஆம் இலக்கச் சட்டம். திருட்டு நகையா இருந்தா பொலிஸ். ஒரே தோடு, கடைக்குக் கடை அதிகாரி மாறுறாரு. தோட்டைப் பறிகொடுத்தவ யார்கிட்டப் போறதுன்னு கேட்டா, மூணு பேரும் மத்த ரெண்டு பேரைக் கை காட்டுவாங்க. உன் சபை நாலாவது கை. அதையும் யோசிச்சுக்க.

ஆணைக்குழு வைக்கிறதும் புதுசில்லை. 1934-ல இலங்கையில வங்கி, கடன் நிலவரத்தை ஆராயன்னு ஒரு ஆணைக்குழு வச்சாங்க. பம்பாயிலருந்து சொராப்ஜி பொச்கானாவாலான்னு ஒருத்தரை வரவழைச்சுத் தலைவராப் போட்டாங்க. இந்தியாவுல ஒரு பெரிய வங்கியையே ஆரம்பிச்ச மனுசன். நாட்டுக்காரனுக்கு வெள்ளைக்கார வங்கி கடன் குடுக்கிறதில்லை, செட்டியார்கிட்டயும் மத்த வட்டிக்காரங்ககிட்டயும்தான் போய் நிக்கிறான்னு நிலவரம். அதுலருந்து 1939-ல இலங்கை வங்கி பொறந்துச்சு. ஒரு ஆணைக்குழுவால ஒரு வங்கி பொறந்ததை நான் குறை சொல்லமாட்டேன். பிறகு 1961-ல மக்கள் வங்கி வந்து, நகை அடகையும் பிடிக்க ஆரம்பிச்சதும் தோட்டத்துச் சனத்துக்கு ஒரு ஆறுதல்தான். அதுக்கு முந்தி கூப்பன் புத்தகத்தையும் பித்தளை அண்டாவையும் தூக்கிக்கிட்டுப் போன காலம் ஒண்ணு இருந்துச்சு.

இப்ப நான் ஒரு கணக்குச் சொல்றேன். பட்டதாரிப் பிள்ளை நீ, சரியா தப்பான்னு பாரு.

கோப்பித் தோட்டத்துல இலைநோய் 1869-ல தெரிஞ்சுச்சு. பதினஞ்சு வருசத்துக்குள்ள கோப்பி படுத்துட்டு. கோப்பித் தோட்டங்களை நம்பிக் காசைக் கொட்டியிருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் 1884 மே மாசம் கதவைச் சாத்திட்டு. அது அச்சடிச்ச நோட்டுத்தான் அப்ப ஊரெல்லாம் புழக்கம். நாவலப்பிட்டிக்கு 1874-லயே வந்த ரயில் 1884-லதான் ஹட்டனுக்கு ஏறுது. கடைத்தெருவுல கையில நோட்டை வச்சுக்கிட்டு சனம் முழிக்குது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் எழுந்து, அந்த நோட்டுக்கெல்லாம் அரசாங்கம் பொறுப்புன்னு ஜாமீன் நின்னாரு. நல்லதுதான் செஞ்சாரு. நோட்டு வச்சிருந்தவன் தப்பிச்சான். கோப்பிக் காட்டுல வேலை போன கூலிக்காரன் தோட்டை வித்துட்டு எந்தப் பக்கம் நடந்தான்னு யாரும் எழுதி வைக்கலை.

அதுக்கு நூத்து முப்பது வருசத்துக்குப் பிறகு என்ன நடந்துச்சு? 2011 செப்டம்பர்ல தங்கம் அவுன்ஸ் 1900 டொலர் வரைக்கும் ஏறிச்சு. வங்கிகளெல்லாம் "எங்ககிட்ட பவுணுக்குக் கூடத் தர்றோம்"னு பேனர் கட்டிப் போட்டி போட்டாங்க. 2013 ஏப்ரல்ல ரெண்டே நாள்ல விலை மடமடன்னு சரிஞ்சுச்சு. வாங்கின கடன் கூட, வச்ச நகை மலிவு. சனம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச்சு. மீட்கிற காசுக்குக் கடையில புதுசே வாங்கலாம். துண்டைச் சாமிப்படத்துக்குப் பின்னால சொருகிட்டு, கொழுந்து எடுக்கப் போயிட்டாங்க. வங்கிக்காரங்க முகம் வாடிப்போச்சு. உடனே 2014-ல மத்திய வங்கி, அடகுக் கடனுக்குன்னே ஒரு உத்தரவாதத் திட்டம் கொண்டு வந்து வங்கிகளுக்கு முட்டுக் குடுத்துச்சு.

1884-ல நோட்டுக்கு ஜாமீன். 2014-ல வங்கிப் பேரேட்டுக்கு ஜாமீன். தோட்டுக்கு ஜாமீன் யாரு தம்பி?

அவசரப்படாத, ஒரு தரம் தோட்டுக்காரிக்கும் நல்ல நாள் வந்துச்சு. 2015 ஜனவரியில ரவி கருணாநாயக்க வாசிச்ச இடைக்கால வரவு செலவுத் திட்டத்துல அடகு நகை வட்டிக்கு நிவாரணம் குடுத்தாங்க. அந்த மாசம் 8 ஆம் திகதிதான் ஜனாதிபதித் தேர்தல் முடிஞ்சிருந்துச்சு, ஓகஸ்ட்ல பாராளுமன்றத் தேர்தல் வரப்போகுது. நாட்டுலயே ஒழுங்கா வேலை செய்யிற ஆலோசனைச் சபை வாக்குப்பெட்டிதான். என்ன, அது அஞ்சு வருசத்துக்கு ஒரு தரம்தான் கூடுது.

2022-ல நீ கெம்பஸ்ல இருந்திருப்பே. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே மூச்சுல வட்டியை 7 வீதப் புள்ளி தூக்குச்சு. செப்டம்பர்ல கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருசம் நம்ம கடைத்தெருவுல எரிவாயு வரிசையும் எண்ணெய் வரிசையும்தான் பேப்பர்ல வந்துச்சு. மூணாவது வரிசை ஒண்ணு இருந்துச்சு, அது படத்துல விழலை. ஏன்னா அதுல நின்னவங்க முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு நின்னாங்க.

அந்த அடகுக் கருமபீடத்துக்கு நீ ஒரு தரமாவது போயிருக்கியா? போகலைன்னா சபையில பேசுறதுக்கு முந்தி போய்ப் பாரு. அடகு வைக்க வந்தவ தோட்டைக் கழட்டிக் கண்ணாடிக்கு உள்ள தள்ளுவா. உள்ள இருக்கிறவர் உரைகல்லுல தேய்ச்சு ஒரு சொட்டு அமிலம் விடுவாரு. கோடு நிக்குதா, கரையுதான்னு பார்ப்பாரு. அப்புறம் சின்னத் தராசு. மொத்த நிறை ஒண்ணு, கல்லைக் கழிச்ச நிறை ஒண்ணு. அந்தக் கல்லைக் கழிக்கிற நேரத்துல அவ மூஞ்சைப் பாரு. பத்தர்கிட்ட ஏழு தரம் நடந்து, சிவப்புக் கல்லா நீலக் கல்லான்னு மாமியாகிட்டச் சண்டை போட்டு வாங்கின தோடு அது. கல்லுக்கு அங்க ஒரு சதமும் இல்லை. பிறகு துண்டு வரும். அதுல பேர், அடையாள அட்டை இலக்கம், கரட், நிறை, குடுத்த காசு, வட்டி, கடைசித் திகதி. அத்தனையும் எறும்பு எழுத்துல இருக்கும். அவ காசைத்தான் எண்ணுவா. துண்டை நாலா மடிச்சு மணிபர்ஸுக்குள்ள வைப்பா. தோடு இல்லாத காதுல ஈர்க்குத் துண்டைச் சொருகிக்கிட்டு பஸ் ஏறுவா, ஓட்டை தூர்ந்திடக்கூடாதுன்னு. அடகு வைக்கிறப்பவே மீட்கப்போறோம்னு நம்புறவ அவ. அந்த நம்பிக்கைக்குத்தான் வட்டி கட்டுறா.

இப்ப ஏலக் கடிதத்துக்கு வர்றேன், அதுக்குத்தான் உன்னை உக்கார வச்சேன்.

தவணை முடிஞ்சு மீட்காட்டி ஏலம் போடலாம். போடுறதுக்கு முந்தி தெரிவிக்கணும். நியாயம். பதிவுத் தபால்ல கடிதம் போடுவாங்க. அதுவும் நியாயம். யாருக்குப் போடுவாங்க? பேர், மேல்பிரிவு, இத்தனையாம் லயம், தோட்டத்துப் பேர், நாவலப்பிட்டி. வீட்டு இலக்கம் இல்லை, தெருவும் இல்லை. தபால் தோட்டத்து ஆபிசோட நிக்கும். ஆபிசுலருந்து பிரிவுக்கு, பிரிவுலருந்து கங்காணி கைக்கு, கையிலருந்து பைக்கு, பைக்கு அடிக்கு. பிள்ளைங்களோட பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் காலங்கடந்து வந்து சேர்ந்த கதை மலையகத்துல யாருக்குத் தெரியாது? ஏலக் கடிதம் மட்டும் இறக்கை கட்டிக்கிட்டா வரும்?

வந்த கடிதமும் சிங்களத்துல இருக்கும், இல்லாட்டி இங்கிலீசுல இருக்கும். 1987-ல பதிமூணாவது திருத்தத்தோட தமிழும் அரச கருமமொழின்னு அரசியலமைப்புல ஏறிட்டு. ஏறினது இறங்கி லயத்துக்கு வர வேணாமா? ஆச்சி கடிதத்தைப் பேத்திகிட்டக் குடுப்பா. அது எழுத்துக் கூட்டி, "அன்பான வாடிக்கையாளரேன்னு போட்டிருக்கு ஆச்சி"ன்னு சொல்லும். அன்பாத்தானே எழுதியிருக்காங்கன்னு ஆச்சி அதைப் பத்திரமா மடிச்சு வைப்பா. அப்படி மடிச்சு வச்ச கடிதங்களை நான் பிரிச்சுப் படிச்சிருக்கேன் தம்பி. திகதி முடிஞ்ச பிறகு எனக்கு என்ன மனு எழுத வரும்? "மேற்படி விடயம் தொடர்பாக"ன்னு ஆரம்பிச்சு, மேற்படி நகை எங்கன்னு கேட்டு முடிக்கிற மனுத்தான்.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. தங்கம் விழுந்தா வங்கிக்குக் கஷ்டம், அது ஊருக்கே தெரியும். தங்கம் ஏறினா? 2025-ல பவுண் மூணு லட்சத்தைத் தாண்டிச்சு. விலை குறைவா இருந்த காலத்துல வச்ச நகை இப்ப ஏலத்துக்குப் போனா, கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் நிக்கும். அந்த மிச்சம் வச்சவளுக்குச் சேர வேண்டிய காசு. அவளுக்கு ஏலம் நடந்ததே தெரியாது, மிச்சத்தை எங்க போய்க் கேட்பா? உன் சபையோட முதல் கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளு. இந்தப் பிரதேசத்துல போன வருசம் ஏலம் போன நகையில எத்தனைக்கு மிச்சம் வந்துச்சு, அதுல எவ்வளவு வச்சவங்க கைக்குப் போச்சு? கேட்டுட்டு மேசையைச் சுத்திப் பாரு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல தொலைபேசி அழைப்பு வரும்.

ஊர்க்காரனை மட்டும் கிண்டல் பண்றேன்னு நினைக்காத. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கூத்துத்தான். 2025 ஏப்ரல்ல இந்திய ரிசர்வ் வங்கி தங்க நகைக் கடனுக்கு ஒரு புது விதி நகல் வெளியிட்டுச்சு. நகை உன்னோடதுதான்னு அடகு வைக்கிறவன் அத்தாட்சி காட்டணும்னு அதுல ஒரு ஷரத்து. பாட்டி கழுத்துலருந்து அம்மா கழுத்துக்கும், அம்மா கழுத்துலருந்து மகளுக்கும் வந்த சங்கிலிக்கு எந்தக் கடை ரசீதைத் தேடுறது? தமிழ்நாட்டு விவசாயிங்க கொதிச்சாங்க, முதலமைச்சர் ஸ்டாலின் டெல்லிக்குக் கடிதம் எழுதினாரு. ஜூன்ல வந்த இறுதி விதியில இறங்கி வந்தாங்க. ரசீது இல்லாட்டி "என்னோடதுதான்"னு எழுதிக் குடுத்தாப் போதும். இரண்டரை லட்சம் இந்திய ரூபா வரைக்கும் நகை மதிப்புல 85 வீதம் கடன் குடுக்கலாம்.

அதே விதியில எனக்குப் பிடிச்ச வரி ஒண்ணு இருக்கு. கடனைக் கட்டி முடிச்ச பிறகு ஏழு வேலை நாளுக்குள்ள நகையைத் திருப்பிக் குடுக்காட்டி, பிந்துற ஒவ்வொரு நாளுக்கும் 5000 ரூபா கடன் குடுத்தவன் கட்டணும். பார்த்தியா, அது யாரோ வாசல்ல நின்னு கால் கடுத்தவன் எழுதின வரி. ரசீது கேட்ட வரி குளிர் அறையில உக்காந்து எழுதினது. ஒரே தாள்ல ரெண்டும் இருக்கு. உன் சபை எந்த வரியை எழுதப்போகுதுன்னு யார் உக்காருறாங்கங்கிறதை வச்சே சொல்லிடலாம்.

மத்த நாட்டுக் கதையும் உன் மனுவுல பின்னிணைப்பாப் போடலாம், கனம் கூடும். இத்தாலியில பெருஜியான்னு ஒரு ஊர்ல 1462-லயே ஃபிரான்சிஸ்கன் துறவிங்க ஏழைகளுக்குன்னு அடகுக்கடை வச்சாங்க. இந்தோனேசியாவுல டச்சுக்காரன் 1901-ல சுக்கபூமியில அரசாங்க அடகுக்கடை திறந்தான். அது இன்னைக்கு பெகாடையான்னு பெரிய அரச நிறுவனம். ஜப்பான்ல பழைய சாமான் கடைக்கு 1949-லயும் அடகுக்கடைக்கு 1950-லயும் சட்டம் போட்டு, ரெண்டுக்கும் அனுமதி குடுக்கிற வேலையைப் பொதுப் பாதுகாப்பு ஆணைக்குழு கையில குடுத்திருக்காங்க. சிங்கப்பூர்ல அடகுக்கடை சட்ட அமைச்சுக்குக் கீழ, பழைய சாமான் பொலிஸுக்குக் கீழ. படிக்க நல்லா இருக்கும். நம்ம சபையும் இதைப் படிக்க ஒரு சுற்றுலா போகும்னு மட்டும் எழுதிடாத, எழுதினா அந்த ஒரு பந்தியைத்தான் நிறைவேத்துவாங்க.

பழைய சாமான் யாவாரிகளைப் பத்தி ரெண்டு வார்த்தை, அதுக்கு மேல வேணாம். தமிழ்நாட்டுல 1985-லயே பழைய இரும்புக் கடைக்கும் பழைய சாமான் யாவாரிக்கும் வாகனம் திருத்துற பட்டறைக்கும் சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டுட்டாங்க. இங்க சாக்கைத் தூக்கிக்கிட்டு லயம் லயமா வர்ற போத்தல் பேப்பர்காரனைப் பிடிச்சு "பதிவு இருக்கா"ன்னு கேட்கிறது சுலபம். செம்பு வயரும் பித்தளைக் குழாயும் அவன் சாக்குல இருந்தா அவன் கள்ளன். அதே சாமான் லொறியில போனா அது ஏற்றுமதி. உன் சபை சாக்கைச் சோதிக்குமா, லொறியைச் சோதிக்குமான்னு நான் கேட்கமாட்டேன். மழைக்காலம், லொறிக்குத் தார்ப்பாய் மூடியிருக்கும்.

சரி தம்பி, சபை வேணாம்னு நான் சொல்லலை. வை. ஆனா மனுவுல மூணு நாலு இடத்தைத் திருத்து. நாலு மதத்துக்கும் நாலு நாற்காலி போடுவாங்கன்னு சொன்னேனே, எல்லா சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு, அதுல ரெண்டை எடுத்து அடகுத் துண்டு வச்சிருக்கிற ரெண்டு பொம்பளைங்களுக்குக் குடு. ஒருத்தி தோட்டத்துலருந்து, ஒருத்தி பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பொம்பளை. வட்டிக்கு இனம் மொழி கிடையாது. அவங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா முகாமையாளருக்கு ரோல்ஸ் இறங்காது.

கூட்டத்தைப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வச்சுடாத. அந்த நேரத்துல அவ மலையில கொழுந்தோட நிப்பா. வந்தா அன்னைக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போயிடும். 2024-ல தோட்டத்து அடிப்படை நாள் சம்பளத்தை 1350 ரூபா ஆக்குறதுக்கு எத்தனை வருசம் கத்தினோம்னு உனக்குத் தெரியும். அதை ஒரு தேத்தண்ணிக்கு இழக்கச் சொல்லாத. உறுப்பினருக்கு அமர்வுப்படி குடுக்கப்போறீங்கல்ல? அவளுக்கு ஒரு முழுப் பேரை முதல்ல குடுங்க, மத்தவங்க படியைப் பிறகு பார்க்கலாம். மத்தவங்களுக்கு அன்னைக்கும் மாசச் சம்பளம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

துண்டு தமிழ்லயும் இருக்கணும்னு எழுது. கடைசித் திகதியை மட்டுமாவது கண்ணாடி இல்லாமப் படிக்கிற பருமன்ல அடிக்கணும்னு எழுது. ஏலத்துக்கு முந்தி கடிதத்தோட நிக்காம கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி, ஒரு அழைப்பு, அதுவும் அவளுக்குப் புரியிற மொழியில. தவணை முடியுதுன்னு சொல்ல முடியலைங்கிறவங்களுக்கு தீபாவளிக்கு "பவுணுக்குக் கூடத் தர்றோம்"னு குறுஞ்செய்தி அனுப்ப மட்டும் எப்படி முடியுதுன்னு கேளு. ஏலத்துல மிச்சம் வந்தா, அவ கேட்டு வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்காம, தேடிப்போய்க் குடுக்கணும்னு எழுது. எழுதிட்டு கையெழுத்தை மட்டும் சின்னதாப் போடு. உன்னை இணைப்பாளர் ஞாபகம் வச்சுக்கக் கூடாது.

கடைசியா ஒண்ணு. மனுவைக் குடுக்கிறதுக்கு முந்தி வீட்டுக்குப் போ. நீ பேராதனைக்குப் போன வருசம் உங்க அம்மா கையில கிடந்த காப்பு எங்கன்னு நீ இன்னைய வரைக்கும் கேட்கலைன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அந்த அடகு ஃபோர்மை நிரப்பிக் குடுத்தது நான். ஒவ்வொரு வருசமும் வட்டியைக் கட்டிப் புதுப்பிச்சுக்கிட்டு வர்றா. துண்டைக் கேட்டு வாங்கிக் கடைசித் திகதியைப் பாரு. கிட்ட வந்திருந்தா, சபையை ஒத்தி வச்சுட்டு நாளைக்கே போய்க் கட்டு. காலையில ஒன்பது மணிக்குக் கருமபீடம் திறந்துடும்.